‘வளரட்டும், அப்புறம் போகலாம்’ என்ற தப்புக் கணக்கு

“கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளிநாடா? அதற்கு என்ன புரியும்? நாளைக்கு நினைவாவது இருக்குமா? கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போய்க்கொள்ளலாம்.” பயணம் என்று வாயெடுக்கிற இளம் பெற்றோர் எல்லோரும் கேட்டிருக்கிற பேச்சு இது. மாமனார் சொல்வார், அலுவலக நண்பர் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தப் பேச்சு முதலிலிருந்து கடைசிவரை தவறு. நடுத்தரக் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, இதனால் நேர்கிற இழப்பு பெரிது.

முதலில் நினைவை எடுத்துக்கொள்வோம். மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலோருக்குப் பெரியவர்களான பின் நினைவில் இருப்பதில்லை. இது உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பட்ரீஷியா பாயரும் அவருடைய சகாக்களும் மூன்று வயதில் நடந்த சம்பவங்களைப் பற்றிச் சில ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்திலிருந்து ஏழு வயதுவரை இருந்தவர்கள் பாதிக்கு மேல் நினைவுகூர்ந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில்தான் அது வெகுவாகக் குறைந்தது. அப்படியென்றால் மூன்று வயதில் கப்பல் பார்த்த குழந்தை, பள்ளிக்கூடம் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்கும்வரை அந்தக் கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டுகளுக்கு மதிப்பே இல்லையா?

நினைவிருக்காது என்பதுதான் உண்மையான காரணம் என்றால், முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடிக்கிறோமே, அது ஏன்? காதுகுத்துக்கு ஊரைக் கூட்டிக் கறிவிருந்து போடுகிறோமே, அது எந்தக் குழந்தைக்கு நினைவிருக்கிறது? அங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம். அந்த நாள் குடும்பம் மொத்தத்துக்கும் உரியது என்று எல்லோருக்கும் தெரியும். பயணத்துக்கு மட்டும் தனிச் சட்டம் போடுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

‘ஒன்றும் புரியாது’ என்பதும் அப்படித்தான். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கம்யூட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போய்ப் பாருங்கள். 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்கு முன்னால் பெரியவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். அதே இடத்தில், நடக்கப் பழகிய ஒரு வாண்டு புறாக் கூட்டத்துக்குள் ஓடும். அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பும், சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்கும். குழந்தை மறுபடி ஓடும். அரை மணி நேரத்துக்கு அதற்கு வேறெதுவும் வேண்டாம். 272 படியையும் மூச்சிரைக்க ஏறி இறங்கியவரைவிட அந்த இடத்தை முழுசாக அனுபவித்தது அந்தக் குழந்தைதான். நாம் காட்ட நினைத்ததைப் பார்க்கவில்லை என்பதற்காக அது எதையுமே பார்க்கவில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம்.

இனி காசு. கையைக் கடிக்காமல் போய்வர நினைக்கிறவர்கள்தான் குழந்தை சின்னதாக இருக்கும்போதே கிளம்ப வேண்டும். இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் உட்கார்ந்து பறக்கலாம். முழுச்சேவை விமானங்களில் அதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். சிக்கன விமானங்களில் ஒரு நிலையான தொகை வாங்குகிறார்கள். இரண்டு முடிந்துவிட்டால் தனி இருக்கை எடுக்க வேண்டும், சிக்கன விமானத்தில் அதற்குப் பெரியவர் விலையேதான். பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்தால் திரும்பி வரும்போது இருக்கை கட்டாயம், ஆகவே அதற்கு முன்பே போய் வந்துவிடுவது நல்லது. பன்னிரண்டு வயதில் எங்கேயும் முழு ஆள். ‘வளரட்டும்’ என்று சொல்லிச் சொல்லி மிக மலிவான இரண்டு வருடத்தைக் கைவிட்டு, மிக அதிகம் கேட்கும் வயதுக்காகக் காத்திருக்கிறோம்.

இதைவிடப் பெரிய லாபம் காலண்டரில் இருக்கிறது. பள்ளியில் சேராத குழந்தைக்கு மே மாதமும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டால் தமிழ்நாடே கிளம்புகிற அதே மே மாதத்தில், அதே டிசம்பர் கடைசியில்தான் நீங்களும் கிளம்ப முடியும். அப்போது டிக்கெட் விலையும் அறை வாடகையும் எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மலேசியாவையே கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள்வரை விசா வேண்டாம்; இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும், கட்டணம் கிடையாது. குழந்தைக்கும் ஒன்று நிரப்ப வேண்டும். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நேரடி விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். ஓட்டல் அறைக்குப் பதில் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். பத்து செட் சட்டைக்குப் பதில் நாலு போதும், ஆளுக்கொரு பெட்டிக்குப் பணம் கட்டாமல் வீட்டுக்கே ஒரு பெட்டியோடு முடியும். வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று, அங்குள்ள சதுர மூன்றுமுனை பிளக்குக்கு ஒரு அடாப்டர், பருப்புப்பொடி டப்பா. அரிசியும் தயிரும் அங்கேயே கடையில் கிடைக்கும். குழந்தைக்குக் குழைந்த தயிர் சோறு தயார். பெரியவர்களுக்குக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இட்லி, தோசை. மாலையில் இரட்டைக் கோபுரத்தின் உச்சிக்குப் போக டிக்கெட் வாங்குவதற்குப் பதில் கீழே உள்ள பூங்காவுக்குப் போகலாம். பிரேசில்காரரான ரொபெர்த்தோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்த பூங்கா அது. குழந்தைகள் விளையாடும் இடமும் காலளவு தண்ணீர்க் குளமும் உண்டு, எல்லாம் இலவசம்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும், ஆளுக்கு 30 வெள்ளி. ஆனால் அங்கேயும் தாவரவியல் பூங்காவில் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. நுழைவு இலவசம். கூடவே குழந்தை இல்லாத பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள். குழந்தையைச் சுமை என்று நினைக்கிறவர்கள் அந்த வாசலில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

உடம்புக்கு வந்துவிட்டால்? இது நியாயமான பயம், இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஒன்பது மாதத்தில் போடும் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசி முடியும்வரை பொறுத்திருங்கள். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி பாராசிட்டமால் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஓ.ஆர்.எஸ்., தெர்மாமீட்டர், பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். விமானம் இறங்கும்போது காது வலிக்காமல் இருக்கப் பால் கொடுங்கள். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து தென்கோடி குலதெய்வக் கோயிலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிறோம். அப்போது வராத பயம் நாலு மணி நேர விமானத்துக்கு மட்டும் ஏன் வருகிறது?

குழந்தையோடு போய் அவதிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களை அலைக்கழித்தது ஆறு நாளில் மூன்று ஊர் காட்டும் பேக்கேஜ்தான். காலை ஏழு மணிக்கு பஸ், இரவு பத்துக்கு அறை, நடுவில் தூக்கம் கலைந்து அழும் குழந்தை. பழி மட்டும் குழந்தை மேல். ஒரே ஊர், ஒரே வீடு, காலையில் ஓரிடம், மதியம் தூக்கம், மாலையில் பூங்கா என்று வைத்துக்கொண்டால் குழந்தையும் அழாது, செலவும் பாதியாகும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றுக்காக. ‘அப்புறம்’ என்பது எப்போது வருகிறது? குழந்தை வளர்ந்ததும் பள்ளிக் கட்டணம், பிறகு பத்தாம் வகுப்பு, பிறகு நீட் பயிற்சி. அதற்குள் பாட்டியின் முழங்கால் படியேற மறுக்கும். பிரசவத்திலிருந்து வீட்டுக்குள்ளேயே சுற்றி வருகிற தாய்க்கு, “அவன் வளரட்டும்” என்று யாரோ போடுகிற உத்தரவு பதினைந்து வருடத் தடையாக நீள்கிறது. அவளுக்கு இந்தப் பயணம் நன்றாகவே நினைவிருக்குமே, அதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

ஆகவே பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். சிறுவர் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுவரை புதிதாக எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் வேண்டும். ஐந்து வருடம் செல்லும், ஆனால் பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும் என்று கேட்கும். புகைப்படத்தில் குழந்தை கண்ணைத் திறந்திருக்க வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். தூங்கி எழுந்து பால் குடித்த கையோடு படம் எடுக்கக் கூட்டிப் போங்கள்.