நேர்மை ஆராய்ச்சியில் பொய்க்கணக்கு!

மனுவோ பாரமோ எதுவானாலும் நாம் கையெழுத்துப் போடுவது அடியில்தான். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, "மேலே கண்டவை உண்மை" என்று கடைசியில் கையெழுத்துப் போடுகிறோம்.

இதை மாற்றவேண்டும் என்று 2012-ம் ஆண்டில் 5 ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். முதலில் கையெழுத்தை வாங்கிவிட்டால், பிறகு பொய் எழுத மனிதனுக்குக் கை கூசும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் பத்திரிகையில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. வியாபாரப் பள்ளிகளில் அதைப் பாடமாகச் சொன்னார்கள். அரசாங்க அலுவலகங்கள்கூட பாரத்தை மாற்றிப் பார்த்தன.

அந்தக் கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டிய கணக்கே பொய்க்கணக்கு!

மைல் கணக்கு

ஒரு கார் இன்சூரன்சு கம்பெனி, "உங்கள் கார் இதுவரை எத்தனை மைல் ஓடியிருக்கிறது?" என்று கேட்டுப் பாரம் அனுப்பியது. அதிக மைல் ஓடினால் அதிகப் பணம் கட்டவேண்டும். அதனால் குறைத்து எழுத ஆசை வரும். சிலருக்கு மேலே கையெழுத்து, சிலருக்கு அடியில் கையெழுத்து. மேலே கையெழுத்துப் போட்டவர்கள் சராசரியாக 2,400 மைல் அதிகம் காட்டினார்கள் என்றது கட்டுரை.

8 ஆண்டுகள் அந்தக் கணக்கை வெளியார் யாரும் பார்க்கவில்லை. 2020-ம் ஆண்டில் அதே ஆராய்ச்சியாளர்கள் வேறு சிலருடன் சேர்ந்து மறுபடி சோதித்தார்கள். பலன் கிடைக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டு எழுதினார்கள். பழைய கணக்கையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். இது நல்ல காரியம். இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கணக்கு வெளியே வந்தது. மறு ஆண்டே குட்டு உடைந்தது.

பெயர் சொல்ல விரும்பாத சில ஆய்வாளர்கள் அதில் கோளாறு இருப்பதைக் கண்டார்கள். சைமன்சன், நெல்சன், சிம்மன்ஸ் என்ற 3 பேராசிரியர்கள் அதை ஊருக்கு எடுத்துச் சொன்னார்கள்.

கோளாறு என்ன? ஓர் ஊரில் சிலர் காரை அதிகம் ஓட்டுவார்கள். சிலர் கொட்டகையிலேயே நிறுத்தி வைப்பார்கள். பெரும்பாலோர் நடுவில் இருப்பார்கள். இந்தக் கணக்கில் அப்படி இல்லை. 10 ஆயிரம் மைல் ஓட்டியவர் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை பேர் 40 ஆயிரம் மைலும் ஓட்டியிருந்தார்கள். 50 ஆயிரத்தைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை!

இன்னொன்று. நம் வீட்டில் மாதச் செலவு என்ன என்று கேட்டால், "இருபதாயிரம் ஆகிறது" என்போம். 20,137 என்று யாரும் சொல்வதில்லை. மைல் கணக்கிலும் மனிதர்கள் அப்படித்தான். முதல் தடவை எழுதிய எண்களில் பல, முழு ஆயிரமாக முடிந்தன. இரண்டாம் தடவை எழுதியவற்றில் அந்தப் பழக்கமே காணோம். மனிதன் எழுதியதல்ல, இயந்திரம் உருட்டிப்போட்ட எண்கள் போலிருந்தன.

முதல் தடவை எண்களில் வேறொரு வேடிக்கை. பாதி ஒரு எழுத்து வடிவில் இருந்தன. மறுபாதி வேறு வடிவில். ஒன்றைப் பார்த்து ஆயிரத்துக்குள் ஏதோ ஒரு தொகையைக் கூட்டி, இரட்டைப் பிள்ளை போல இன்னொன்றை உண்டாக்கியிருந்தார்கள்.

2021-ம் ஆண்டில் கட்டுரை வாபஸ் ஆயிற்று.

செய்தது யார்? இந்தக் கணக்கைக் கம்பெனியிடம் வாங்கித் தந்தவர் டூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் ஏரியலி. "நான் மாற்றவில்லை" என்கிறார் அவர். தான் கொடுத்த கணக்கு மாற்றப்பட்டிருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. கை யாருடையது என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

இரண்டாவது இடி

2023-ம் ஆண்டில் அதே கட்டுரையின் வேறொரு சோதனையிலும் சந்தேகம் கிளம்பியது. அதை நடத்தியவர் ஹார்வர்டு வியாபாரப் பள்ளிப் பேராசிரியை பிரான்செஸ்கா ஜினோ. அவர் முறைகேடு செய்ததாக ஹார்வர்டு விசாரணைக் குழு முடிவு செய்தது. "நான் குற்றமற்றவள்" என்று அவர் மறுக்கிறார். ஹார்வர்டு மீதும், கண்டுபிடித்த 3 பேர் மீதும் 2 கோடியே 50 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அந்த 3 பேரின் கோர்ட்டுச் செலவுக்காக மற்ற ஆய்வாளர்கள் கைப்பணம் போட்டு நிதி திரட்டினார்கள். மானநஷ்ட வழக்கை 2024-ல் நீதிபதி தள்ளிவிட்டார். 2025-ல் ஹார்வர்டு அவருடைய நிரந்தரப் பதவியைப் பறித்தது.

பெரிய மனிதர்களின் கதை இருக்கட்டும். என் மனதை உறுத்துவது ஒரு மாணவியின் கதை.

டாக்டர் பட்டத்துக்குப் படித்த அந்தப் பெண், ஜினோவின் வேறொரு ஆராய்ச்சியில் சந்தேகப்பட்டு, அதைத் தன் கட்டுரையில் எழுதினார். பரிசோதித்த பேராசிரியர்கள் பாராட்டவில்லை. "அந்தப் பகுதியை எடுத்தால்தான் கையெழுத்துப் போடுவோம்" என்றார்கள்! வேறு வழியில்லை. எடுத்துவிட்டுத்தான் பட்டம் வாங்கினார்.

மளிகைக் கடையில் சீட்டைக் காட்டு என்று கேட்கிறோம். கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. பேராசிரியரிடம் கணக்கைக் காட்டு என்றால் மட்டும் அது ஏன் குற்றமாகவேண்டும்? தொழிலாளியிடம் எப்படி வேலை வாங்குவது, வாடிக்கைக்காரரை எப்படி நம்புவது என்று இந்த ஆராய்ச்சிகளைப் படித்துத்தான் முதலாளிகள் முடிவு செய்கிறார்கள். கட்டுரையோடு மூலக்கணக்கையும் வைத்தால்தான் அச்சிடுவோம் என்று எல்லாப் பத்திரிகைகளும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 2012-லேயே அப்படிக் கேட்டிருந்தால், ஒன்பது ஆண்டுகள் யாரும் ஏமாந்திருக்க வேண்டியதில்லை. அந்த மாணவியும் தான் எழுதியதைத் தன் கையாலேயே அடித்திருக்க வேண்டாம்.