தேதி கேட்காத இயந்திரம்

2000 ஜனவரி முதல் தேதி, கம்ப்யூட்டர்கள் ‘00’ என்பதை 1900 என்று எண்ணிக் குழம்பிவிடும் என உலகமே அஞ்சியது. ஆனால், 2020-ல் மூடப்பட்ட சாந்தலா உட்பட, மைசூர்த் தியேட்டர்களில் அன்று ஓடியவை பிலிம் புரொஜக்டர்கள். மோட்டார், பல்சக்கரம், விளக்கு, லென்ஸ். வினாடிக்கு 24 படங்கள். அவற்றுக்கு ஆண்டும் தெரியாது, தேதியும் தெரியாது. டி.டி.எஸ். ஒலிக் கருவிகூடப் பிலிமில் இருந்த குறியைப் பின்பற்றியே ஒலித்தது. பிலிம் அறுந்தால் ஒட்டி ஓட்ட ஆபரேட்டர் இருந்தார்.

இன்றைய டிஜிட்டல் புரொஜக்டரோ, அனுமதித்த தேதிக்குள் மட்டுமே படத்தைத் திறக்கும். அன்று கம்ப்யூட்டர் கோளாறு பறிக்காத ஆபரேட்டர் வேலையைப் பின்னர் டிஜிட்டல் பறித்தது. புது இயந்திரம் வரட்டும். வேண்டாம் என்பார் இல்லை. அதைக் கையாளப் பழைய ஆபரேட்டருக்கே பயிற்சி தந்து அமர்த்துவதுதான் நியாயம். தியேட்டர் முதலாளிகள் சிந்திக்க வேண்டும்!