முள் கடிகாரம் செய்த குற்றம் என்ன?

"செல்போனைத் திறந்தால் மணி எண்ணாகவே தெரிகிறது. சின்னப் பிள்ளைகளிடம் முள் கடிகாரத்தை வைத்து மல்லுக்கட்டுவானேன்?" தூத்துக்குடிப் பக்கம் பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்வியைச் சில ஆசிரியர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. அதற்கு அவர்கள் அடுக்கும் காரணங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை.

டிஜிட்டல் எளிது என்பது முதல் காரணம். வாசிக்க எளிதுதான், மறுக்கவில்லை. ஃப்ரீட்மன், லேகாக் என்ற இருவர் 1989இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வும் அதையே சொன்னது: முதல் வகுப்புப் பிள்ளைகள் டிஜிட்டல் மணியை வாசித்துவிடுகிறார்கள், முள் கடிகாரத்தில் முழு மணியை மட்டும் சொல்கிறார்கள், மற்றது பிடிபட மூன்றாம் வகுப்பு ஆகிறது. ஆனால் வாசிப்பது வேறு, நேரம் புரிவது வேறு. நாம் மணியையும் பணத்தையும் ஒரே மாதிரி புள்ளி வைத்து எழுதுகிறோம். 6.50 ரூபாய் ஆறரை ரூபாய் என்று படித்த பிள்ளை, 6.50 மணியையும் ஆறரை என்றுதான் சொல்லும். 7.50 உடன் 25 நிமிடம் கூட்டச் சொன்னால் தயங்காமல் 7.75 என்று எழுதி வைக்கும். முள் கடிகாரத்தில் 75க்கு இடமே கிடையாது. பெரிய முள் பன்னிரண்டைத் தாண்டி மூன்றில் வந்து நிற்கும், சின்ன முள் எட்டைக் கடந்திருக்கும். எட்டே கால் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும்.

"முள் கடிகாரம் பிள்ளைகளுக்குக் கஷ்டம்" என்பது இரண்டாவது. கஷ்டத்தில் பாதி நாம் செய்துகொடுத்தது. வகுப்பில் இருக்கும் அட்டைக் கடிகாரத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு பின், இரண்டு முள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியே சுற்றும். ஆறரை வைக்கச் சொன்னால் பிள்ளை பெரிய முள்ளை ஆறில் வைத்து, சின்ன முள்ளையும் நேராக ஆறிலேயே வைக்கும். ஆறரைக்குச் சின்ன முள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று அந்த அட்டை ஒருநாளும் சொல்லாது. 2.55ஐ 3.55 என்று வாசிப்பதும் இந்தக் கோளாறுதான், சின்ன முள் மூன்றை ஒட்டி நிற்கிறதல்லவா. வீட்டில் பரணில் கிடக்கும் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று போதும். பின்பக்கத் திருகைத் திருப்பினால் இரண்டு முள்ளும் சேர்ந்தே நகரும். முதல் சில நாள் பெரிய முள்ளை மறைத்துவிட்டுச் சின்ன முள்ளை மட்டும் காட்டுங்கள். "மூணு தாண்டிருச்சு, நாலு ஆகலை" என்று பிள்ளைகளே சொல்வார்கள். பெரிய முள் அதற்குப் பிறகு வரட்டும்.

மூன்றாவது காரணம் நம் கடற்கரைக்கே உரியது, கேட்கவும் நன்றாக இருக்கும்: "முத்துக் குளித்த பாட்டன் மணி பார்த்தா கடலுக்குப் போனான்?" பார்க்கவில்லை. இரவில் கரைக்காற்றைப் பிடித்துப் போய், காலையில் குளித்து, பிற்பகல் கடற்காற்றில் திரும்பினான். நட்சத்திரம் எவ்வளவு ஏறியிருக்கிறது, பொழுது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று வானத்தில் சாய்வைப் பார்த்துத்தான் நேரம் சொன்னான். அது முள் கடிகாரத்துக்குத்தான் சொந்தம், எண்ணுக்கு அல்ல. தவிர, முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. 

இன்று விசைப்படகு காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும் என்பது விதி. அந்த மணி சூரியனின் மணி அல்ல. 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். தூத்துக்குடி அதற்கு மேற்கே நான்கு பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே இங்கே உச்சிவெயில் சராசரியாக 12.17க்குத்தான். பள்ளி மைதானத்தில் குச்சி நட்டுப் பார்த்தாலே தெரியும். வெயிலைப் பார்த்து இந்த மணியைச் சொல்ல முடியாது, கடிகாரம்தான் வேண்டும். "அப்பா வர இன்னும் எவ்வளவு நேரம்?" என்று படகுக்காரர் வீட்டுப் பிள்ளை கேட்டால் 6.40 என்ற எண்ணில் பதில் இல்லை, கடன் வாங்கிக் கழிக்க வேண்டும். கடிகாரத்தில் சின்ன முள் போக வேண்டிய தூரத்தை விரலால் காட்டிவிடலாம். கடலேற்றமும் தினம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. வட்டத்தில் குறித்து வந்தால், ஒரு எண்ணுக்குச் சற்றுக் குறைவாக அந்தக் குறி நாள்தோறும் நகர்வதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

"இங்கிலாந்திலேயே எடுத்துவிட்டார்களே!" இது நாலாவது. 2018இல் அங்கே சில பள்ளிகள் தேர்வுக்கூடத்தில் முள் கடிகாரத்தை எடுத்துவிட்டு டிஜிட்டல் வைத்தது உண்மை. மாணவர்களுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை, தேர்வு நேரத்தில் பதற்றம் வேண்டாம் என்று செய்தது. அதே இங்கிலாந்தின் பாடத்திட்டம், மூன்றாம் வகுப்பில் முள் கடிகாரத்தை, அதுவும் ரோமன் எண் போட்டதையும் சேர்த்து, வாசிக்கக் கற்பிக்கச் சொல்கிறது. செய்தியில் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது நம் ஊர் வழக்கம்.

டிஜிட்டல் வேண்டாம் என்று யார் சொன்னது? ரயில் நிலையப் பலகையில் 20.40 என்று ஒளிர்ந்தால் அது இரவு 8.40 என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். முள் முதலில், எண் அடுத்து. அவ்வளவுதான் என் கட்சி.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்புச் சுவரில் கடிகாரம் நின்றுபோய்த் தொங்கினால் நாளைக்கே ஒரு பேட்டரி வாங்கிப் போடுங்கள். பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இறக்கி மாட்டுங்கள்.