அண்ணாவும் பையாவும்

மும்பையில் பொழுது புலருமுன்பே தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரங்கள் புறப்பட்டுவிடுகின்றன. தலைச்சுமையாகவும் சைக்கிளிலும், ஹாரனை அமுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் அந்த வியாபாரிகள் அனைவருக்கும் நகரம் முழுவதும் ஒரே பெயர்தான்: ‘அண்ணா’. ஐம்பது வயதுப் பெரியவரையும் பதினெட்டு வயதுப் பிள்ளையையும் மாடியிலிருந்து அந்த ஒரே சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். அதே தெருவில் பால் கொண்டுவருபவரும் காய்கறி வண்டி தள்ளுபவரும் ‘பையா’. தமிழில் அண்ணா என்றாலும் மூத்த சகோதரன். இந்தியில் பையா என்றாலும் மூத்த சகோதரன். இதைவிட மரியாதையான உறவுச் சொல் இரு மொழிகளிலும் எளிதில் கிடைக்காது. ஆனால் அவை சொல்லப்படும் தொனியைக் கேட்டவர்களுக்கு, ஆளின் ஊர், தொழில், தகுதி எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டன என்பது விளங்காமல் போகாது.

இதையெல்லாம் பெரிய குறையாகச் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இட்லி விற்பவர் இதைப் பொருட்படுத்துவதில்லை என்பதும் உண்மைதான். முப்பது ஆண்டு வேலை பார்த்து, மராத்தியில் குறிப்பெழுதவும் கற்றுத் தேர்ந்த ஒரு தலைமைக் குமாஸ்தாவை, அடுத்த மேஜைக்காரர் ‘அந்த மதராசி’ என்று சுட்டும்போதுதான் சொல்லின் முனை தைக்கிறது.

மதராசி என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பழைய சென்னை ராஜதானியில் தமிழ் ஜில்லாக்களோடு ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்தன. 1953ல் ஆந்திரம் பிரிந்தது. 1956ல் கேரளம் உருவாயிற்று. 1969 ஜனவரியில் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியது. 1996ல் மதராஸ் என்ற ஊர்ப் பெயரும் சென்னையாயிற்று. ராஜதானி போய், ராஜ்யம் போய், ஊரின் பெயரும் போன பிறகும் மதராசி மட்டும் சௌக்கியமாக இருக்கிறார்! மலையாளி, தெலுங்கர், மங்களூர்க்காரர் எல்லோரும் அவருக்குள் அடக்கம். 1968ல் வந்த ‘படோசன்’ என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத், பிள்ளை என்ற தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக வந்தார். திறமையான நடிகர், சிரிக்கத் தகுந்த படம். தமிழர்களும் காசு கொடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கொச்சை உச்சரிப்பைப் பின்னர் பள்ளிக்கூடத்திலும் மின்சார ரயிலிலும் கேட்டுச் சகிக்க வேண்டியிருந்தது அவர்களுடைய பிள்ளைகள்தாம்.

சிரிப்போடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1966ல் சிவசேனை தோன்றுவதற்கு முன்பே ‘மார்மிக்’ வார இதழ், அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னாட்டார் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிடத் தொடங்கிவிட்டது. டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்தவர்கள் குமாஸ்தா வேலைகளைப் பெற்றபோது, மண்ணின் மைந்தனான மராட்டிய இளைஞன் வேலையின்றி நின்றான் என்பதை மறுப்பதற்கில்லை. அவனுடைய குறை மெய்யானது. அந்தக் குறைக்கு மருந்தாக எழுந்த கோஷமோ லுங்கியை விரட்டு என்பது. கல் விழுந்தது தென்னாட்டாரின் சிற்றுண்டிச் சாலைகள் மீது. வேட்டியை வீட்டோடு நிறுத்திக்கொண்டவர்களும், ரயில் பெட்டியில் பிள்ளைகள் தமிழில் பேசினால் கண்ணால் அடக்கியவர்களும் அந்நாளில் உண்டு. இந்தியாவில் எங்கும் சென்று வசிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு அளித்திருந்தது. தெருவில் நடப்பவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போக முடியாது.

அந்த நாட்கள் கடந்துவிட்டன. இன்றும் தீராத ஒரு சங்கடம் விண்ணப்பப் பாரத்தில் இருக்கிறது.

மகாராஷ்டிர வழக்கில் முதலில் தன் பெயர், அடுத்துத் தந்தை பெயர், கடைசியில் குடும்பப் பெயர். தமிழனுக்கோ பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து; அத்துடன் சரி. முருகனின் மகன் மு. செல்வம்; செல்வத்தின் மகன் செ. குமார். மும்பைப் பள்ளியில் சேர்க்கப் போனால், குமாருக்குக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். செல்வம் என்று எழுதுகிறார் தகப்பனார். அவருடைய குடும்பப் பெயரோ முருகன் என்று ரேஷன் அட்டையில் இருக்கிறது. தந்தையும் மகனும் வெவ்வேறு குடும்பமா என்று கேட்கும் எழுத்தர்மீது தவறில்லை. அவர் பார்த்த வழக்கு அப்படி. ஆனால் அந்த ஒரு கட்டத்தைச் சரிசெய்யப் பிரமாணப் பத்திரம், முத்திரை, நோட்டரி என்று ஒரு கூலித் தொழிலாளி எத்தனை நாள் சம்பளத்தை இழக்கிறார் என்பது அவர் வீட்டாருக்குத்தான் தெரியும்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. தமிழன் பெயரின் பின்னால் அந்த இடம் வெறுமையாக இருப்பது தற்செயலன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கும் வழக்கத்தைக் கைவிடத் தீர்மானித்தது. கட்சி எதுவானாலும், நாளடைவில் தமிழ்நாட்டில் அது பொது வழக்கமாகவே ஆகிவிட்டது. தாத்தா ஊரில் விட்டெறிந்த பட்டத்தைப் பேரன் மும்பையில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிறான். நாடார், தேவர், பிள்ளை என்று எழுதிக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று. எழுதிக்கொள்ள விரும்பாதவர்களின் நிலை வேறு. குடும்பப் பெயரைக் கேட்டே சாதியை அறிந்துகொள்ளும் பழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பாரங்கள் கல்லில் செதுக்கியவையல்ல. 2014 மே 1 முதல் பிறந்தோரின் பெயரில் தாயின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு 2024ல் முடிவு செய்தது. குடும்பப் பெயர் இல்லாதவர் ‘இல்லை’ என்று எழுத இடம் வைப்பதற்கு அதைவிடப் பெரிய முயற்சி தேவைப்படாது. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றப் பேச்சாளரை வரவழைப்பதில் காட்டும் அக்கறையில் கால் பங்கை இதற்குக் காட்டியிருந்தால் என்றோ காரியம் நடந்திருக்கும்.

இவ்வளவு பட்டவர்களின் வாயில் என்ன சொல் வருகிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத மும்பை வந்த வடநாட்டு இளைஞர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். நாற்பதாண்டுகளுக்கு முன் தமிழர் கேட்ட அதே வாதங்கள், அதே ஆத்திரம். பெயர் மட்டும் வேறு. அப்போது தமிழர் வீடுகளில் அனுதாபம் இருந்தது. ‘இந்தப் பையாக்களுக்கு இது வேண்டியதுதான்’ என்ற பேச்சும் இருந்தது. மும்பைத் தமிழர் வீட்டு வாசலில் வாடகைக்கு இடம் கேட்டு வரும் இன்னொரு தமிழரிடம், ‘ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?’ என்று விசாரிப்பது எதற்காக என்பதைக் கேட்பவரும் அறிவார், பதில் சொல்பவரும் அறிவார். மாமிசம் சமைப்பீர்களா என்று கேட்டுக் கதவைச் சாத்தும் கட்டடச் சங்கத்தைப் பற்றி வருந்துபவரே அந்தக் கேள்வியையும் கேட்கிறார்.

தமிழ்நாட்டுக்குப் போனாலோ படம் அப்படியே திரும்பிவிடுகிறது. அடகுக்கடைச் சேட்டு ‘நம்பள், நிம்பள்’ என்று உளறுவதைத் தமிழ்ப் படங்கள் பல ஆண்டுகள் சிரிப்புக்காகக் காட்டின. ‘படோசன்’ வாத்தியாருக்கு அவர் பங்காளிதான். இன்று திருப்பூர் பனியன் ஆலைகளிலும் கோவைப் பட்டறைகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் கால் வைக்க இடமின்றி வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால், தகரப் பெட்டியோடு தாதரில் வந்திறங்கிய பழைய தமிழர் எவருக்கும் தம் முதல் நாள் நினைவுக்கு வரும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. போலீசார் வதந்தி பரப்பியோர்மீது வழக்குத் தொடர்ந்தனர். வீடியோ பொய். ஆனால் அதை அந்தத் தொழிலாளிகள் உடனே நம்பி ரயில் நிலையத்துக்கு ஓடினார்களே, அது ஏன்? டீக்கடையில் ‘வடக்கன்’ என்றும் ‘பானிபூரி’ என்றும் நாள்தோறும் காதில் விழுந்ததை வைத்து அவர்கள் கணக்குப் போட்டார்கள் என்று எண்ண இடமிருக்கிறது.

கோடை விடுமுறைக்கு மும்பையிலிருந்து ஊருக்குப் போகும் தமிழர், மாமனார் வீட்டுக் கூடத்தில் சாப்பிட்டு அமர்ந்திருக்கிறார். ‘எங்கே பார்த்தாலும் இந்த வடக்கன்கள்தான் மாப்பிள்ளை, தொல்லை தாங்கவில்லை’ என்று மைத்துனர் பேச்சைத் தொடங்குகிறார். ‘மும்பையில் எங்களையும் இப்படித்தான் சொன்னார்கள்’ என்று பதில் சொல்லக்கூடியவர் அந்தக் கூடத்திலேயே அவர் ஒருவர்தான். பெரும்பாலும் அவரும் சிரித்துவிட்டு, வெற்றிலைத் தட்டை நகர்த்துகிறார்.