பறித்த தாள்

வகுப்பிலே படம் கீறிக்கொண்டிருந்த மாணவன் ஒருவனது தாளை நாம் ஒருமுறை பறித்தோம். கொத்மலை அணையும் அதன் மூன்று வான்கதவுகளும் அதில் பிசகின்றி அமைந்திருந்தன. இரைச்சல் கேட்டாற் கலங்கும் அப்பிள்ளை அன்று முழுதும் வாய் திறக்கவில்லை.

இலண்டனில் 1974இல் பிறந்த ஓவியர் ஸ்டீவன் வில்ட்சயர் ஓட்டிசம் உடையவர். சிறுவயதிற் பேசாதிருந்த அவரது படத்தாள்களை ஆசிரியர்கள் சற்றே மறைத்து வைத்தனர். வாய்விட்டுக் கேட்கட்டும் என்ற எண்ணம். ஈற்றில் அவர் சொன்னது, 'காகிதம்'. 2005இல் தோக்கியோ நகரை வானிலிருந்து கண்டு, நினைவிலிருந்தே 10 மீற்றர் நீளத்திற்குக் கீறினார். (அவ்வாற்றல் யாவர்க்கும் வாய்ப்பதன்று.)

கோடு கீறுகையில் மூச்சுச் சீராகிறது, மனம் நிலைகொள்கிறது. எழுத்தை விரும்பும் பிள்ளைக்கு நாட்குறிப்பும் அவ்வாறே. பெற்றோரே, அதனைத் திருத்தவும் புள்ளியிடவும் முனையாதீர். லயத்து அறையில் தனிமேசைக்கு எங்கே போவது? கதவோரத்து மூலையும் பழைய கொப்பியும் போதும்.