கொட்டகையில் அரை டிக்கெட் ஏன் இல்லை?

பஸ்ஸில் குழந்தைக்கு அரை டிக்கெட் உண்டு. 5 வயது வரை டிக்கெட்டே வேண்டாம் என்று தமிழ்நாட்டு அரசுப் பஸ்களுக்கு 2022இல் சர்க்கார் அறிவித்தது. ரயிலிலும் 5 வயதுக்குக் கீழே இலவசம். அதற்கு மேல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளை தனிப் படுக்கை கேட்காவிட்டால் பாதிக் கட்டணம். சினிமாக் கொட்டகைக்கு வந்தால் மட்டும் கணக்கு வேறு. நகரத்து மல்டிபிளக்ஸ்களில் 3 வயது நிரம்பிய குழந்தைக்கு முழு டிக்கெட் வாங்க வேண்டும். தாயின் மடியில் உட்கார்ந்து, இடைவேளைக்கு முன்பே தூங்கிப் போகிற குழந்தைக்கும் அதன் தகப்பனுக்கும் ஒரே விலை.

இது என்ன நியாயம்?

இதற்கெல்லாம் ஒரு தலையங்கமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கூலி, பஞ்சப்படி, போனஸ், நிலம் என்று எத்தனையோ பெரிய பிரச்சினைகள் கிடக்க, சினிமா டிக்கெட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்பார்கள். அவர்கள் ஒரு தொழிலாளியின் வீட்டில் உட்கார்ந்து, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ குழந்தை “படத்துக்குப் போகலாம்பா” என்று கேட்கும்போது தகப்பன் மனதுக்குள் போடும் கூட்டல் கணக்கைக் கேட்டுப் பார்க்கட்டும்.

நாமே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2017 அக்டோபரில் சர்க்கார் டிக்கெட் விலைகளை 25 சதவிகிதம் உயர்த்தியது. மல்டிபிளக்ஸ்களுக்கு 120 ரூபாயாக இருந்த உச்சவரம்பு 150 ஆயிற்று. அந்த 150 ரூபாய்க்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 27 ரூபாய். ஆக 177. இதில் உள்ளாட்சிக் கேளிக்கை வரியை நாம் சேர்க்கவில்லை. கணவன், மனைவி, நாலு வயதுப் பிள்ளை மூவருக்கும் 531 ரூபாய். செல்போனில் பதிவு செய்தால் தலைக்குச் சுமார் 30 ரூபாய் பதிவுக் கட்டணம் தனியாக. போக வர பஸ், ஒரு டீ, பிள்ளை கேட்கிற பொரி என்று சேர்த்தால் 700 ரூபாயை நெருங்கிவிடும். உள்ளே விற்கும் பொரியை வாங்கினால் தாண்டிவிடும்.

கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு இது எத்தனை நாள் கூலி? நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கென்று மத்திய சர்க்கார் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அளவு பார்த்துப் பிடித்துக்கொண்டு கொடுத்தது போக முழுக் கூலி கைக்கு வந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை. முழுக் கூலி வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று மணி நேரப் படத்துக்கு இரண்டு நாள் வெயிலில் மண் சுமக்க வேண்டும். சரி, நகரம் வேண்டாம், பக்கத்துச் சிற்றூர்க் கொட்டகைக்கே போவோம், தலைக்கு நூறு ரூபாய் என்றே கொள்வோம். டிக்கெட்டுக்கு மட்டும் 300. ஒரு நாள் உழைப்பு அப்படியே கவுண்டரில் போய்விடுகிறது.

விலை ஏற ஏற வீட்டில் முதலில் நின்று போகிறவள் தாய். “நீங்க புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க, எனக்கு அந்தச் சத்தத்துல தலைவலி வந்துரும்” என்பாள். தலைவலி அவளுக்கு எப்போது வரும் என்பது தகப்பனுக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் போவான். அரசுச் சாதாரணப் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கொட்டகை வாசல் வரைக்கும் அவள் காசில்லாமல் வந்துவிடலாம். வாசலைத் தாண்டத்தான் வழியில்லை.

செல்போனில் எல்லாப் படமும் வந்துவிடுகிறதே, இனி கொட்டகை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒற்றை அறை வீட்டில், உள்ளங்கை அகலத் திரையைப் பிள்ளை ஒரு மூலையில் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பதும், நல்ல துணி உடுத்தி, அப்பா அம்மா இருவர் கையையும் பிடித்துக்கொண்டு போய், ஐந்நூறு பேரோடு சேர்ந்து சிரித்துவிட்டு வருவதும் ஒன்றாகுமா? கண்ணாடி மாளிகையில் இருப்பவன் வீட்டிலேயே தியேட்டர் வைத்துக்கொண்டான். அப்படியும் அவன் குடும்பத்தோடு வெளியே போவதை நிறுத்திவிடவில்லையே!

சினிமா என்பது ஆடம்பரம், வயிற்றுக்குப் பிறகுதான் அதெல்லாம் என்று உபதேசிப்போருக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1957ஆம் ஆண்டு ஜூலையில் புதுடில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று வரையறுத்தது. தொழிலாளி குடும்பத்தை மூன்று பங்காகக் கொண்டு, அதற்கு உணவு, வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்கு முதலிய இதரச் செலவுக்கு 20 சதவிகிதம் என்று வகுத்தார்கள். சோறு, துணி, கூரை இந்த மூன்றோடு கணக்கு அன்று ஏறக்குறைய நின்றுவிட்டது. சென்னையில் ஆலை வைத்திருந்த ரெப்டகாஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர்களின் வழக்கில் 1991 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோதுதான் அதோடு இன்னும் 25 சதவிகிதம் சேர்ந்தது. குழந்தைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை விசேஷங்கள் உட்பட குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்காக அந்த 25 சதவிகிதம்.

பொழுதுபோக்கு என்ற சொல் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தொழிலாளி வருஷத்தில் சில நாட்கள் மனைவி மக்களோடு வெளியே போய் வருவது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை அல்ல. அவன் கூலியின் ஒரு பகுதி. கூலிப் பேச்சுவார்த்தை மேஜையில் நம் சங்கப் பிரதிநிதிகள் அரிசி விலையையும் வாடகையையும் எடுத்து வைக்கிறார்கள். டிக்கெட் விலையை எடுத்து வைக்கக் கூச்சப்படுகிறார்கள். இந்தக் கூச்சம் தேவையில்லை. மானேஜர் தரப்பில் சிரித்தால் 1991ஆம் வருஷத் தீர்ப்பை மேஜைமேல் வையுங்கள்.

காசு இருந்தால் மட்டும் போதாது, பொழுதும் வேண்டும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத் திருத்தம் நம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்று எதிர்த்ததால் அந்த மே தினத்தன்றே அது கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. 12 மணி நேரம் தறியிலும் ஸ்பின்னிங்கிலும் நின்றுவிட்டு வருகிறவனுக்கு எந்தக் கொட்டகையில் டிக்கெட் இலவசமாகக் கொடுத்தால்தான் என்ன?

ஆதியில் இந்தச் சினிமா யாருடையதாக இருந்தது? ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தத் தெரு இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. மதுரையில் 1952இல் ‘பராசக்தி’ படத்தோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். இவ்வளவு பெரிய கொட்டகைகள் பங்களாக்காரர்களை நம்பியா எழுந்தன? ஷிப்டு முடிந்து வருகிற ஆலைத் தொழிலாளியையும், அறுவடை முடிந்து வண்டி கட்டி வருகிற கிராமத்தானையும் நம்பி எழுந்தன. டூரிங் டாக்கீஸில் சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று வகுப்புகள் இருந்தன. அது வர்க்கப் பிரிவினைதான், சந்தேகமில்லை. ஆனால் தரை என்று ஒரு இடம் இருந்தது. மணலைக் குவித்து அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு, அணாக் கணக்கில் காசு கொடுத்து, நாற்காலிக்காரன் பார்த்த அதே படத்தைக் கூலிக்காரன் குடும்பமும் பார்த்தது. நாற்காலிக்காரனைவிடச் சத்தமாகச் சிரித்தது என்றும் சொல்லலாம்.

அந்தத் தரைதான் மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. சென்னை மல்டிபிளக்ஸ்களிலேயே முன் வரிசையில் 10 ரூபாய் டிக்கெட் பல ஆண்டுகள் இருந்து வந்தது. அதைக் கவுண்டரில் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆனாலும் இருந்தது. 2017 உயர்வுக்குப் பின் அந்த விலை பழங்கதை ஆகிவிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு இடம் தந்த மதுரைக் கொட்டகையும் போய், அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது.

வரியால்தான் விலை ஏறுகிறது என்று கொட்டகைக்காரர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. கேளிக்கை வரி இங்கே 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யும் வந்து, அதன்மேல் உள்ளாட்சி வரி 30 சதவிகிதம் என்றபோது கொட்டகைகளை மூடிப் போராடினார்கள். பின்னர் உள்ளாட்சி வரி வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஜி.எஸ்.டி.யும் 2019 ஜனவரியில் 28 சதவிகிதத்திலிருந்து 18க்கு இறங்கியது. ஆனால் வரி இறங்கும்போது விலைப் பலகையும் கூடவே இறங்குகிறதா என்பதுதான் நம் கேள்வி. 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு வரி விலக்கு அளித்தபோதும், அந்தப் பலன் பார்ப்பவன் பைக்கு வந்ததா, காட்டுபவன் பைக்குப் போயிற்றா என்ற கேள்வி எழுந்தது.

இப்போதைய உதாரணத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 18 அப்படியே. 100 ரூபாய் டிக்கெட்டில் 7 ரூபாய் குறைய வேண்டும். மூன்று பேர் குடும்பத்துக்கு 21 ரூபாய். அது உங்கள் கைக்கு வந்ததா? இன்னொன்று. நூறு ரூபாய் வரையிலான டிக்கெட் ஏழையின் டிக்கெட் என்பதைச் சர்க்காரே இந்த வரியின் மூலம் ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் ஒவ்வொரு கொட்டகையிலும், ஒவ்வொரு காட்சியிலும், அந்த விலையில் இத்தனை இடம் இருக்கிறது என்று உறுதி செய்ய வேண்டாமா? இல்லாத நாற்காலிக்கு வரிச் சலுகை கொடுத்து யாருக்கு லாபம்?

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2025 செப்டம்பரில் கொட்டகை டிக்கெட்டுக்கு 200 ரூபாய் உச்சவரம்பு விதித்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஹைகோர்ட் இடைக்காலத் தடை போட்டது. உச்சவரம்பை எழுதுவது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்பதை நாமும் பெரிய நடிகர்களின் படம் வெளியாகும் முதல் சில நாட்களில் பார்க்கத்தான் பார்க்கிறோம். பலகையில் ஒரு விலை, கையில் ஒரு விலை. இதில் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு: முதல் நாள் முதல் காட்சிக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கிற அந்தக் கை, தங்கச்சியை இரண்டாவது வாரம் படத்துக்குக் கூட்டிப் போகக் காசில்லை என்று விரிகிறதே!

சாப்பாட்டு விஷயமும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டு வரக்கூடாது என்று தடுக்கக் கொட்டகைக்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நமக்கு உவப்பில்லாத தீர்ப்புதான். ஆனால் அதே தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கொட்டகையில் சுத்தமான குடிநீர் இலவசமாக வைக்க வேண்டும். பச்சிளங் குழந்தையோடு வரும் பெற்றோர் அதற்கு வேண்டிய அளவு உணவைக் கொண்டு வரலாம். வாசலில் பையைத் துழாவிப் பால் புட்டியைத் தடுக்கிறவனிடம் சகோதரிகள் தயங்காமல் இதைச் சொல்லலாம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் இருபது, முப்பது ரூபாய் பாட்டில் வாங்காதீர்கள், மானேஜரைக் கூப்பிடுங்கள். டிக்கெட் கிழிக்கிற தோழரோடு மட்டும் சண்டை வேண்டாம், அவரும் கூலிக்காரர்தான், அவர் பிள்ளையும் வீட்டில் படம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

சிற்றூர்களில் ஒற்றைத் திரையை வைத்துக்கொண்டு தள்ளாடுகிற சிறிய கொட்டகைக்காரர்களை நாம் எதிரியாகப் பார்க்கவில்லை. வசூலில் பெரும்பங்கைப் படத்துக்காரர்கள் கொண்டுபோக, கரண்ட் பில்லும் சம்பளமும் தன் தலையில் என்று அவர்கள் படுகிற பாடு தெரியும். அவர்களுக்கும் நாம் சொல்வது, முன் வரிசைகள் வாரநாட்களில் காலியாகத்தான் கிடக்கின்றன. அந்தக் காலி நாற்காலியில் அரை டிக்கெட்டுக்கு ஒரு பிள்ளை உட்கார்ந்தால் கூடவே இரண்டு முழு டிக்கெட் வருமே!

நாம் கேட்பது இதுதான். 12 வயது வரை பிள்ளைகளுக்கு எல்லாக் கொட்டகைகளிலும் அரை டிக்கெட். 5 வயதுக்குட்பட்டு மடியில் உட்காரும் குழந்தைக்கு டிக்கெட் இல்லை, பஸ்ஸில் இருப்பது போல. ஒவ்வொரு காட்சியிலும் முன் வரிசைகளைக் குறைந்த விலைக்கு, பதிவுக் கட்டணம் இல்லாமல், கவுண்டரிலேயே விற்க வேண்டும். விலையும் வரியும் தனித்தனியாகத் தெரியும்படி வாசலில் பலகை.

கொட்டகைக்கு லைசென்ஸ் கொடுப்பது சர்க்கார். ஆகவே மனுவைப் பெற வேண்டியவர் மாவட்டக் கலெக்டர். பொங்கல் படங்கள் வெளியாவதற்கு முன்பே ஆலைச் சங்கக் கிளைகளும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும், மாதர் சங்கத் தோழர்களும் இந்தக் கோரிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கலாம். பலகை விலைக்கு மேல் வாங்கியிருந்தால், டிக்கெட் துண்டைக் கசக்கி எறியாமல், கொட்டகையின் பெயர், தேதி, காட்சி, கொடுத்த தொகை நான்கையும் பின்புறம் குறித்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். மனுவோடு சேர்த்துக் கலெக்டர் மேஜையில் வைக்க அந்தத் துண்டுகள் வேண்டும்.