பழைய பிக்கப்புக்குப் புதுச் சைலன்சர்

பழைய மகேந்திரா பிக்கப்பை விற்க மனமின்றி ஓட்டிவரும் வணிகர்கள் நம்மில் உண்டு. சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்தால் தடித்த தகட்டில் செய்ததையே வாங்கலாம். விலை சற்றுக் கூடும். ஆனால் தொல்லை பொருத்துவதில்தான். பட்டறையில் வெறும் வண்டியில் குழாயை மாட்டிவிடுகிறார்கள். இருபது மூட்டை அரிசி ஏறியதும் ஸ்பிரிங் பட்டை அழுந்தி, பின் அச்சு குழாயில் இடிக்கிறது. பாரம் ஏற்றிவைத்தே இடைவெளி பார்க்கச் சொல்ல வேண்டும் என்போம். பிரேக் குழாய், டீசல் குழாய் அருகே அது போகக் கூடாது.

செலவை மிச்சம் பிடிக்கக் குழாயைப் பாதியில் வெட்டிவிடுவதை நாம் ஒப்புவதற்கில்லை. புகை தார்ப்பாய்க்குள் புகுந்தால் தேயிலையும் மைதாவும் டீசல் வாடை பிடிக்கும். அந்தச் சரக்கை எந்த வாடிக்கையாளர் வாங்குவார்? சரக்கோடு பின்னால் உட்கார்ந்து வரும் தொழிலாளியோ வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துச் சுவாசிக்கிறார். குழாய்முனை பாடியின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கட்டும்.